கண்காணியும் கைரேகையும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்றைய உரைக்குரிய பொருள் ‘கணினிக் காலத்தில் தனியுரிமையும் கண்காணிப்பும்’ என்பது. இப்பொருளைக் கேட்டவுடன் இது நகரத்தாரின் கவலை, கணிப்பொறி கற்றவர்தம் வழக்கு என்று தோன்றக்கூடும். அவ்வாறன்று. ஒரு மக்கட்கூட்டம் முழுவதும் பிறப்பினாலேயே ஐயத்திற்குரியதாகக் கருதப்பட்டு, விரல்ரேகை பதியப்பெற்று, இரவுதோறும் தலை எண்ணப்பட்ட வரலாறு இந்த வட்டாரத்தின் வரலாறு. கணிப்பொறி நம் ஊர்களுக்கு வருவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே கண்காணிப்பு இங்கே வந்துவிட்டது. ஆதலின் இப்பொருளைப் பேசுதற்கு இம்மலையடிவாரத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் அரிது எனலாம்.

கங்காணி என்னும் சொல்

ஏலமலைச் சரிவில் வாழ்வோர்க்குக் ‘கங்காணி’ என்ற சொல்லை விளக்க வேண்டுவதில்லை. போடி வட்டாரத்து ஊர்களிலிருந்து விடியற்கருக்கலில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் அச்சொல்லை நன்கறிவர். கண்காணி என்பதே மருவிக் கங்காணி ஆயிற்று. கண்ணால் காண்பவன் என்பது அதன் பொருள். ஆள் சேர்ப்பவன், வேலை வாங்குபவன், வருகையைக் கணக்கில் ஏற்றுபவன், கடன் கொடுத்துக் கட்டி வைப்பவன் என அச்சொல்லின் பொருள் தோட்டத்தில் விரிந்தது.

இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களில் வழங்கிய ‘துண்டு’ முறை ஈண்டு நினைக்கத் தக்கது. ஒரு தொழிலாளி கங்காணிக்குச் செலுத்த வேண்டிய கடன் எவ்வளவு என்பதைக் காட்டும் சிறு சீட்டே துண்டு. அக்கடனைத் தீர்க்க முன்வரும் வேறொரு தோட்டத்தாரே அவரை அழைத்துக்கொள்ள முடியும். ஒரு மனிதர் எங்கே போகலாம், எங்கே போகலாகாது என்பதை ஒரு காகிதம் தீர்மானித்தது. 1921-இல் அம்முறை ஒழிக்கப்பட்டது.

கண்காணிப்பு என்பது வெறும் பார்வை அன்று என்பதை இச்சிறு வரலாறு காட்டுகிறது. பார்வை பதிவாகிறது, பதிவு பிணைப்பாகிறது. பார்த்தவன் மறந்துவிடுவான், பதிந்த ஏடு மறவாது. இக்காலக் கருவிகளை அறிந்துகொள்ள இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்தினாலே போதும்.

பெயர் சுட்டாமை

தனியுரிமை என்பது மேலைநாட்டுக் கருத்து, நம் ஊர்ப்புற வாழ்வுக்கு அயலானது என்று கூறுவாருளர். கதவு திறந்தே கிடக்கும் வீடு, ஒருவர்க்கொருவர் உறவுமுறை சொல்லி அழைக்கும் தெரு, யார் வீட்டில் என்ன குழம்பு என்பதும் அறியும் அண்டை. இவற்றில் மறைவுக்கு ஏது இடம் என்பது அவர் வாதம். இவ்வாதத்திற்குத் தொல்காப்பியமே விடை தருகிறது.

பொருளதிகாரத்து அகத்திணையியல், அன்பின் ஐந்திணையைப் பாடும்போது தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்று விதிக்கிறது. உணர்வை எவ்வளவு விரித்தும் கூறலாம். உரியவர் யார் என்று கூறலாகாது. ஐயாயிரம் ஆறாயிரம் பேர் வாழும் ஊரில் இன்னாள் மகள் இன்னானை விரும்பினாள் என்று பாட்டு வந்தால் அது இலக்கியம் ஆகாது, அலர் ஆகும் என்பதை அவ்விலக்கணம் அறிந்திருந்தது. இவ்விதியின் கண்டிப்பு எத்தகையது என்பதற்கு நெடுநல்வாடை சான்று. நக்கீரர் பாடிய அப்பாட்டு பிரிவுத்துயரையே பேசுகிறது. ஆயினும் பாண்டியர்க்குரிய வேம்பு அதில் சுட்டப்பட்டமையால், அதனை அகம் எனக் கொள்ளாது புறம் எனக் கொண்டார் நச்சினார்க்கினியர். பெயர்கூட அன்று, ஆளை இன்னாரென்று காட்டிவிடும் ஓர் அடையாளப் பூவே போதுமானதாயிற்று. பெயரை நீக்கிவிட்டோம், ஆகவே தகவல் மறைவாகிவிட்டது என்று இக்காலத்து நிறுவனங்கள் கூறும்போது, எஞ்சி நிற்கும் பூவைக் கொண்டு ஆளைக் கண்டுபிடித்துவிடலாமே என்று அறிஞர் மறுக்கின்றனர். நச்சினார்க்கினியரின் நுட்பமும் இதுவே.

அகம், புறம் என்ற பகுப்பே ஒருவகையில் இப்பொருளைப் பற்றியதுதான். எல்லார்க்கும் உரியதாய் வெளிப்பட நிற்பது புறம். உரியார்க்கே உரியதாய் உள்ளே நிற்பது அகம். இவ்விரண்டிற்கும் இடையே கோடு ஒன்று உண்டு என்றும், அக்கோட்டை அழித்தல் பிழை என்றும் கொண்ட மொழிக்கு, தனியுரிமை என்பது புதுச்சொல்லாக இருக்கலாம், புதுக்கருத்து ஆகாது.

அக்கோட்டை அழிக்கும் ஆற்றலையும் முன்னோர் அறிந்திருந்தனர். வாய்விட்டுச் சொல்லாமல் சிலர் தமக்குள் குறிப்பால் பேசுவது அம்பல். ஊரறியப் பரவுவது அலர். அரும்புக்கும் மலர்ச்சிக்கும் உள்ள வேறுபாடு இது என உரையாசிரியர் விளக்குவர். ஊர்ப்பேச்சுக்கு அஞ்சித் தலைவியை வீட்டில் அடைப்பது இற்செறிப்பு. ஆகவே கண்காணிப்பு அரசனிடமிருந்து மட்டும் வருவதன்று. அண்டை வீட்டிலிருந்தும், சொந்த வீட்டிலிருந்தும் வரும் என்பதைச் சங்க இலக்கியம் தெளிவாகவே காட்டியிருக்கிறது.

ரேகையும் இரவும்

இனி இவ்வட்டாரத்து வரலாற்றுக்கு வருவோம்.

மனிதர் விரலில் உள்ள வரிகளை ஆட்சிக்குப் பயன்படுத்தும் முறை வளர்ந்தது இந்திய மண்ணிலேயே ஆகும். 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பத்திற்குத் துணையாகக் கைப்பதிவை வாங்கினார். ஒப்பந்தக்காரர் பின்னர் மறுக்காதிருக்க அது ஓர் உபாயம். 1897-இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் நிறுவப்பட்டது. எட்வர்டு ஹென்றியின் பெயரால் உலகெங்கும் வழங்கும் வகைப்பாட்டு முறையை உருவாக்குவதில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இரு இந்தியக் காவல் அலுவலர் பெரும்பங்கு கொண்டிருந்தனர். நம்பிக்கைக் குறைவில் பிறந்த அக்கருவி, விரைவில் ஐயத்தின் கருவியாக மாறியது.

1871-இல் வட இந்தியப் பகுதிகளுக்கென இயற்றப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. 1914 முதல் மதுரை அருகே கீழக்குயில்குடிக் கள்ளர்மீதும், பின்னர் உசிலம்பட்டிப் பகுதி தொட்டுக் கம்பம் பள்ளத்தாக்கு வரை பரவி வாழ்ந்த பிரமலைக் கள்ளர்மீதும் அது ஏவப்பட்டது. மக்கள் அதனைச் சட்டத்தின் பெயரால் அழைக்கவில்லை. ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தனர். சட்டத்தில் பல பிரிவுகள் இருந்தபோதும் மக்கள் நெஞ்சில் தைத்தது அந்த மைதோய்ந்த கட்டைவிரல்தான் என்பது இப்பெயரால் விளங்கும்.

அச்சட்டத்தின் செயல்முறை எளியது. ஒரு குலத்தார் அனைவரையும் குற்றப்பரம்பரையினர் என்று அரசு அறிவிக்கலாம். அறிவித்தபின் அக்குலத்து ஆடவர் பெயர் பதிய வேண்டும். ரேகை பதிய வேண்டும். குறித்த காலங்களில் காவலர் முன் நின்று தம் இருப்பைக் காட்ட வேண்டும். இருப்பிடம் மாறினால் தெரிவிக்க வேண்டும். வெளியூர் செல்ல ‘ராதாரிச் சீட்டு’ பெற வேண்டும். இரவுப் பொழுதைக் காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ கழிக்க வேண்டிய நிலை பலர்க்கு இருந்தது. மணநாள் இரவிலும் மாப்பிள்ளை சாவடியில் படுத்த கதையை இன்றும் குடும்பங்களில் சொல்வர். குற்றம் செய்தமைக்காக அன்று. செய்யக்கூடும் என்பதற்காக இத்தனையும். நடந்ததைத் தண்டிப்பது நீதி. நடக்கக்கூடும் என்று கணித்து ஒரு கூட்டத்தையே அடைத்து வைப்பது வேறு.

1920 ஏப்ரல் 3-ஆம் நாள் உசிலம்பட்டிப் பகுதியைச் சேர்ந்த பெருங்காமநல்லூரில் ரேகை பதிய வந்த காவற்படையை ஊரார் எதிர்த்து நின்றனர். துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிர்நீத்ததாகக் கூறுவர். சுடப்பட்டு வீழ்ந்தார்க்குத் தண்ணீர் கொடுக்கச் சென்றவர் மாயக்காள் என்பது வழிவழி வரும் செய்தி. அவ்வூரில் நினைவுத்தூண் நிற்கிறது. விரல்ரேகை பதியமாட்டோம் என்ற ஒன்றே அவர்தம் மறுப்பு. தனியுரிமைக்காக உயிர் கொடுத்தோர் பட்டியல் ஒன்று உலகில் எழுதப்பெறுமாயின், அதில் இவ்வூருக்கு முதன்மையான இடம் உண்டு.

அம்மக்களுக்காக வாதாடியவர் மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப். கேரளத்தில் பிறந்த அவரை ‘ரோசாப்பூ துரை’ என்று இம்மக்கள் அன்பொழுக அழைத்தனர். பின்னர் முத்துராமலிங்கத் தேவர், ப. ஜீவானந்தம், பி. ராமமூர்த்தி முதலானோர் சட்டத்தை நீக்கப் போராடினர். அதேகாலத்தில் அரசு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் தொடங்கியது. ரேகை வாங்கிய கையே பலகையும் கொடுத்தது என்பதை மறைத்தல் கூடாது. பலகை கொடுத்தமையால் ரேகை வாங்கியது முறையாகிவிடாது என்பதையும் மறத்தல் கூடாது. 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952 ஆகஸ்டு 31-இல் நாடு முழுவதிலும் அச்சட்டம் நீங்கியது.

கடல் கடந்த தமிழரும் ரேகையும்

பெருங்காமநல்லூருக்குப் பல ஆண்டுகள் முன்னரே கடல் கடந்த தமிழர் இதே ரேகையை மறுத்து நின்றதும் ஒப்புநோக்கத் தக்கது. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதியில் வாழ்ந்த இந்தியர் அனைவரும் பத்து விரல்களின் ரேகையும் பதிந்து சான்றிதழ் பெற்று, கேட்ட இடத்தில் காட்ட வேண்டும் என்று 1906-இல் ஓர் அவசரச் சட்டம் வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய கூட்டத்தில்தான் காந்தியடிகளின் அறப்போர் கருக்கொண்டது. அப்போரில் அவருடன் முன்னணியில் நின்றவர் தமிழரான தம்பி நாயுடு.

இதில் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. 1908 சனவரியில் அரசுடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கட்டாயத்தை நீக்கினால் இந்தியர் தாமாகவே முன்வந்து பதிவுசெய்வர் என்பது அதன் சாரம். அதன்படி பிப்ரவரி 10-ஆம் நாள் பதிவு செய்யச் சென்ற காந்தியடிகளை, இதனை ஏற்காத இந்தியர் சிலரே வழிமறித்துத் தாக்கினர். உடன் சென்ற தம்பி நாயுடுவும் அடிபட்டார். ஆயினும் காந்தியடிகள் படுக்கையில் இருந்தபடியே ரேகையைப் பதிந்தார். பின்னர் அரசு கட்டாயச் சட்டத்தை நீக்காதபோது, ஆகஸ்டு 16-ஆம் நாள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் தீயிலிடப்பட்டன.

ஒரே மனிதர், ஒரே விரல், ஒரே மை. மனமொப்பிக் கொடுக்கும்போது அது உடன்பாடு; வற்புறுத்திப் பறிக்கும்போது அது இழிவு. ஒப்புதல் என்ற ஒரு சொல்லே இரண்டையும் பிரிக்கும் வேலி. இன்றைய சட்டங்களெல்லாம் சுற்றிச் சுற்றி வருவதும் இந்த வேலியையே.

நள்ளிரவில் தட்டப்பட்ட கதவு

குற்றப்பரம்பரைச் சட்டம் நீங்கியதே ஒழிய அதன் பழக்கம் உடனே நீங்கவில்லை. கூட்டத்தைக் கண்காணித்த கண் தனியாளிடம் திரும்பியது. சென்னை மாகாணத்தில் 1948-இல் வழக்கமான குற்றவாளிகளுக்கென்று தனிச்சட்டம் வந்தது. காவல் நிலையங்களில் ஆள்வாரியான பதிவேடுகள் தொடர்ந்தன.

உத்தரப்பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் கொள்ளை வழக்கு ஒன்றில் சான்றின்மையால் விடுவிக்கப்பட்டவர். ஆயினும் காவல்துறை அவர்பெயரில் பதிவேடு தொடங்கி, நள்ளிரவில் வீட்டுக்கதவைத் தட்டி எழுப்பி இருப்பைச் சோதித்துவந்தது. அவர் உச்சநீதிமன்றம் சென்றார். 1962 டிசம்பரில் வந்த தீர்ப்பு, இரவில் வீடு புகுந்து சோதிப்பது செல்லாது என்றது. ஆனால் தனியுரிமை என்று ஓர் அடிப்படை உரிமை அரசமைப்பில் இல்லை என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். நீதிபதி சுப்பாராவ் மாறுபட்டு, அச்சமும் கண்காணிப்பும் சூழ நடமாடுதல் விடுதலை ஆகாது என்ற கருத்தில் தீர்ப்பெழுதினார்.

அடுத்த பெரிய படி தமிழகத்தில் எழுந்த வழக்கு. மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் வரலாற்றை வெளியிட முனைந்த ‘நக்கீரன்’ இதழுக்கும் தமிழக அரசுக்கும் இடையிலான அவ்வழக்கில் 1994 அக்டோபர் 7-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன்னைத் தன்போக்கில் விட்டுவிடுமாறு கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. இசைவின்றி ஒருவர்தம் குடும்பம், திருமணம், மகப்பேறு போன்றவற்றை வெளியிடலாகாது. எனினும் பொதுஆவணத்தில் உள்ளதை வெளியிடத் தடையில்லை. அரசு முன்கூட்டியே வெளியீட்டைத் தடுத்தலும் ஆகாது என்று அத்தீர்ப்பு வரையறுத்தது. பொதுஆவணம் பற்றிய விதிக்கும் ஒரு விலக்குத் தந்தது. பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிட்டு மேலும் இழிவுபடுத்தலாகாது என்பதே அது. பெயர் சுட்டாமை என்ற பழைய நெறி, நீதிமன்ற மொழியில் மீண்டும் ஒலித்தது.

2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம், தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்து, கரக் சிங் வழக்கின் மாறான கூற்றைத் தள்ளியது. அவ்வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. 2012-இல் அவர் தொடுத்த வழக்கின் பொருள் ஆதார். அதாவது, மீண்டும் விரல்ரேகை.

தேய்ந்த விரல்

2010 செப்டம்பரில் மகாராட்டிரத்தின் ஒரு சிற்றூரில் தொடங்கிய ஆதார்ப் பதிவு, இன்று நூறு கோடிக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கியுள்ளது. பத்து விரல், இரு கருவிழி, ஒரு முகம். 2018 செப்டம்பர் 26-ஆம் நாள் உச்சநீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அத்திட்டத்தை ஏற்றது. அரசு நலத்திட்டங்களுக்கு அதனைக் கேட்கலாம். வங்கிக் கணக்குக்கும் கைப்பேசி இணைப்புக்கும் கட்டாயமாக்கலாகாது. தனியார் நிறுவனங்கள் கோரலாகாது என்று எல்லை வகுத்தது.

ரேகைச் சட்டமும் ஆதாரும் ஒன்றே எனக் கூறுதல் பிழையாகும். முன்னது ஒரு குலத்தைப் பழித்தது. பின்னது எல்லார்க்கும் பொது. முன்னது அடைத்து வைக்க வந்தது. பின்னது அரிசியும் ஓய்வூதியமும் உரியார்க்குச் சேர வந்தது. வரலாற்றில் ஒப்புமையைப் போலவே வேற்றுமையையும் மதிக்க வேண்டும். ஆனால் அன்று எழுந்த வினாக்கள் இன்றும் நீங்கவில்லை. பதிவை யார் காப்பர்? எதற்காகப் பெற்றனரோ அதற்கே பயன்படுத்துவரா? மறுப்பார்க்கு என்ன வழி? பதிவு எப்போது அழியும்?

தமிழக நியாயவிலைக் கடைகளில் 2020-இல் விரல்ரேகை வைத்துப் பொருள் பெறும் முறை வந்தது. மண்ணிலும் சாற்றிலும் தோய்ந்து ஏலக்காயை ஒவ்வொன்றாய்க் கிள்ளியெடுக்கும் விரல்களில் வரி தேய்ந்துவிடும். முதியோர்க்கு வயதினாலும் தேயும். கருவி அவ்விரலை ஏற்க மறுக்கும். மீண்டும் மீண்டும் வைத்து, துணியால் துடைத்து, மற்றொரு விரலை வைத்து நிற்கும் மூதாட்டியின் பின்னால் வரிசை முணுமுணுக்கும். கருவிழிப் பதிவு போன்ற மாற்றுவழிகள் பின்னர் வந்தன. எனினும், உழைத்த விரலே உரியவர் நானென்று மெய்ப்பிக்க இயலாமல் நின்ற அந்நிலை சிந்திக்கத் தக்கது. திருடும் விரலைத் தேடி உருவான முறை, உழைத்துத் தேய்ந்த விரலுக்கு இடம் வைக்கவில்லை.

தோட்டத்தில் கங்காணி செய்த வேலையையும் இன்று கருவி செய்கிறது. 2023 சனவரி முதல் நூறு நாள் வேலைத்திட்டத்தில் தொழிலாளரை நிழற்படம் எடுத்துக் கைப்பேசிச் செயலி வழியாக வருகை பதிவது கட்டாயமாக்கப்பட்டது. போலிக் கணக்கைத் தடுக்கும் நோக்கம் நல்லதே. ஆனால் கங்காணியிடம் காரணம் சொல்லலாம். மலையடிவாரத்தில் அலைவரிசை கிடைக்காத செயலியிடம் எதைச் சொல்வது?

மற்றொரு செய்தி. ரேகை பெறுதற்குக் காவல்துறைக்கு அதிகாரமளித்த கைதிகள் அடையாளச் சட்டம் பிறந்த ஆண்டு 1920. பெருங்காமநல்லூரின் ஆண்டும் அதுவே. அச்சட்டத்தின் இடத்தில் 2022-இல் வந்த புதிய சட்டம், ரேகையுடன் கருவிழி, உயிரியல் மாதிரி முதலியவற்றையும் பெற இடந்தந்து, அப்பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்கிறது. முன்பு தண்டனை பெறாதவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றாலோ பதிவை அழிக்க வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. அவ்விதி ஏட்டில் நிற்பதோடு அமையாமல் நடைமுறையில் நிற்கிறதா என்று கேட்பது குடிமக்களின் கடமை.

வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். ஒற்று வேண்டா என்று அவர் கூறவில்லை. ஆனால் ஆராயப்பட வேண்டியோர் வரிசையில் அரசனுக்காக வினைசெய்வாரையே முதலில் வைத்தார். ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்கச் சொன்னார். மூவர் சொல் ஒத்தால்தான் தெளியலாம் என்றார். சென்னைக் காவல்துறை தெருக்களில் கேமராக்களைப் பொருத்தும் இயக்கத்திற்கு ‘மூன்றாம் கண்’ என்று பெயரிட்டது. குற்றவாளிகளைப் பிடிக்க அக்கண் உதவியிருக்கிறது. எனினும் ஒரு கண் கண்டதையே முடிந்த உண்மையாகக் கொள்ளாத வள்ளுவர் எச்சரிக்கை, முகத்தைக் கண்டு ஆளைச் சொல்லும் கருவிகளுக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும்.

அலருக்குக் கிடைத்த கருவி

இதுவரை கூறியது அரசின் கண். இனி அண்டை வீட்டுக் கண்.

அம்பல் அலராவதற்குச் சங்க காலத்தில் நாள்கள் பிடித்தன. இன்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு நொடி போதும். அன்றைய அலர் ஓர் ஊரோடு நின்றது. சில மாதங்களில் வேறு பேச்சு வந்து பழம்பேச்சை மூடியது. மறதி என்பது சமுதாயம் தனிமனிதர்க்குக் காட்டிய கருணை. கருவிக்கு அக்கருணை இல்லை.

2016-இல் சேலம் மாவட்டத்தில் உருமாற்றம் செய்த படங்கள் முகநூலில் வெளியானதால் ஓர் இளம்பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். படம் பொய், பழி மெய்யாயிற்று. 2019-இல் பொள்ளாச்சி வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் ஓர் அரசாணையிலேயே இடம்பெற்றது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 25 இலட்சம் ரூபாய் இழப்பீட்டுக்கு ஆணையிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் வன்கொடுமைக்கு ஆளான மாணவியின் விவரங்களைக் கொண்ட முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்து கைப்பேசிதோறும் பரவியது. உயர்நீதிமன்றம் மீண்டும் 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க ஆணையிட்டது. இத்தகையோர் பெயரை வெளியிடுதல் குற்றம் என்று 1983 முதலே சட்டம் உண்டு.

இங்கு ஒரு வினா எழுகிறது. கசியவிட்டவர் ஒருவராக இருக்கலாம். அதனை மேலும் நால்வர்க்கு அனுப்பியவர் யார்? அவர்கள் ஒற்றர் அல்லர், பகைவர் அல்லர். நல்ல குடும்பத்தார், படித்தவர், ‘பாவம் அந்தப் பெண்’ என்று வருந்தியவரும்கூட. வருந்திக்கொண்டே அனுப்பினர். புறங்கூறாமையை வள்ளுவர் இல்லறத்தார்க்குரிய அறமாக வைத்ததன் காரணம் இதனால் விளங்குகிறது. ஒற்றாடல் அரசனுக்கு, புறங்கூறாமை நமக்கு.

இற்செறிப்பும் மறையவில்லை; உருமாறியது. மகள் கல்லூரியிலிருந்து வந்ததும் கைப்பேசியை வாங்கிப் பார்க்கும் வீடுகள் உண்டு. படம் ஒன்று வெளியானால், வெளியிட்டவனைத் தேடுமுன் மகளின் படிப்பை நிறுத்தும் வீடுகளும் உண்டு. குற்றம் செய்தவன் தெருவில் நடக்க, குற்றத்திற்கு ஆளானவள் அறையில் அடைபடுகிறாள். கண்காணிப்பு எப்போதும் வலிமை குறைந்தார்மீதே இறங்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

நிறைவாக

2023-இல் நாடாளுமன்றம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 2025 நவம்பரில் அதன் விதிகள் அறிவிக்கப்பட்டன. அவை படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அமைந்துள்ளன. ஒப்புதல் பெற்றே தகவல் பெற வேண்டும், சொன்ன நோக்கத்திற்கே பயன்படுத்த வேண்டும், கொடுத்த ஒப்புதலை மீட்டுக்கொள்ளலாம் என்பன அதன் அடிப்படைகள். அரசுக்கு அது தரும் விலக்குகள் மிகப் பரந்தவை என்ற குறை அறிஞரால் கூறப்படுகிறது. ரேகைச் சட்டத்தை நேரில் கண்ட வட்டாரத்தார் அக்குறையை எளிதாக எண்ணிவிட இயலாது.

2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் போடிமெட்டைக் கடந்து தோட்டத்திற்குச் செல்ல இணையவழி அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. அது ராதாரிச் சீட்டு அன்று. நோய்க்காக வந்தது, எல்லார்க்கும் பொதுவாக வந்தது, நோய் தணிந்ததும் போயிற்று. ஒரு கண்காணிப்பை ஏற்கலாமா, மறுக்கலாமா என்று அறிதற்கு இந்த மூன்றே அளவுகோல்: காரணம் வெளிப்படையா? சுமை பொதுவா? முடிவு உண்டா? மூன்றிற்கும் ஆம் என்றால் ஒத்துழைப்பது குடிமை. ஒன்றிற்கு இல்லையென்றாலும் வினவுவது குடிமை.

இறுதியாக இவ்விலக்கிய வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். சாவடியில் ரேகை பதிந்த தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. 1947-இல் இளைஞராய் இருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்திருப்பர். அவரிடமோ, அவர் சொல்லக் கேட்டு வளர்ந்த மக்களிடமோ எஞ்சியிருக்கும் நினைவுகளை இவ்வட்டம் அடுத்த பத்தாண்டுக்குள் தொகுத்து நூலாக்க வேண்டும். தொகுக்கும் மாணவர் முதலில் அவரிடம் இசைவு கேட்க வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும். பெயர் வேண்டா என்பாரின் பெயரை விடுத்து, நினைவை மட்டும் எழுத வேண்டும். பதிந்ததை அவர்க்கே படித்துக்காட்டி, நீக்கச் சொல்வதை நீக்க வேண்டும்.

அவர்தம் ரேகையை எடுத்த ஆட்சி இவற்றுள் ஒன்றையும் செய்யவில்லை. அவர்தம் சொல்லை எடுக்கும் இவ்வட்டமாவது அனைத்தையும் செய்யட்டும்.